துணியில் சுற்றிய ஐந்து மடக்குக் கத்திகள்

செப்டம்பர் 14, ஞாயிறு. ஷெஃபீல்டு

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்பது மாதமாக வெறுமனே கிடந்தது. இங்கே பேச ஆள் இல்லாததால் இன்றைக்குத்தான் பிரித்தேன்.

முதல் பக்கத்தில் நல்லதை எழுத வேண்டும். ஆகவே பேரப்பிள்ளைகளை எழுதுகிறேன். மூத்த மகளின் மகன் வள்ளிநாயகம் மதுரையில் பாங்கு மானேஜர், முப்பத்திரண்டு வயதிலேயே. அவன் தங்கச்சி பல் டாக்டர். சங்கரன்கோவிலில் போர்டு மாட்டியிருக்கிறாள், பெயருக்குப் பின்னால் ஏழு எழுத்து. சின்ன மகளின் மகன் பேச்சுப் போட்டியில் மாவட்டத்தில் முதலாவது; கலெக்டர் கையால் கப்பு வாங்கினான். இத்தனை பேருக்கும் மேலே காந்திமதி. என் ஒரே மகன் நயினாரின் ஒரே மகள். ஆறு வயதில் இங்கிலாந்துக்கு வந்தவள், இப்போது இருபத்தைந்து. விமானத்துக்குப் பாகம் வரைகிற கம்பெனியில் எஞ்சினியர். கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக அவள் நிற்கிற போட்டோ ஊரில் எங்கள் நடு அறையில் தொங்குகிறது. தண்ணீர் கேன் போட வருகிறவனுக்குக்கூட அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. நான் ஐந்தாம் வகுப்புதான். அதனால் என்ன? இவ்வளவும் என் வயிற்றிலிருந்து கிளைத்தது.

நயினாருக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் பகவதி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் மூன்று பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் ஹீட்டரும்தான்.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். நான் வந்து பத்து நாள் ஆகிறது. ஆபீசில் உட்கார்ந்து வரைகிற பெண்ணுக்கு நகம் இவ்வளவு கறுப்பாக இருக்குமா?

செப்டம்பர் 17, புதன்

துணியை மிஷினில் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது என் வழக்கம். நயினார் சட்டையில் பஸ் டிக்கெட். பகவதியின் கோட்டில் ஊக்கு. காந்திமதியின் பேண்ட்டில் கத்தி.

மடக்குக் கத்தி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பிடி கொம்பு போலிருக்கிறது, தடவினால் வழுவழுப்பு. அலகை இழுத்தேன், வரவில்லை. நகத்தை வைக்க அலகில் ஒரு கீறல் இருப்பதைப் பிறகுதான் கண்டேன். திறந்ததும் 'டக்' என்று நின்றது. கூர் பக்கம் ஒரே நேர்க்கோடு. முதுகு நுனிக்கு வரவரச் சரிகிறது. பழம் நறுக்க வைத்திருக்கிறாளோ? பழம் நறுக்குகிறவள் கத்தியைக் கைக்குட்டையில் ஏன் சுற்ற வேண்டும்?

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாயந்திரம் பேச்சுவாக்கில், "பேண்ட்டு பையில எதுவும் கெடந்தா எடுத்துட்டுப் போடு தாயி, மிஷினு கெட்டுரும்" என்றேன். அவள் படியேறி ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 19, வெள்ளி

தேங்காய்த் துவையல். காந்திமதி தலையைக் குனிந்து பரிமாறியபோது முடியில் சாணைக்கல் வாடை வந்தது. எங்கள் தெருவில் சாணை பிடிக்கிறவன் நகர்ந்த பிறகும் ஒரு வாடை நிற்குமே, அதேதான். இரும்பு கருகின வாடை.

"இன்னிக்கு வேலை எப்படிட்டி?"

"ஒரு ஸ்பிரிங்கு சரியா ஒக்காரல ஆச்சி. பூராப் பொழுதும் அதுலயே போச்சு."

"விமானத்துல ஸ்பிரிங்கா?"

"எல்லாத்துலயும் ஸ்பிரிங்கு உண்டு ஆச்சி."

நயினார் தலையாட்டினான். படித்தவர்கள் சுலபமாகத் தலையாட்டிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

தெருமுனைக் கடைக்காரத் தம்பி யோகராசா வவுனியாக்காரர். இந்த ஊரில் நான் பேசினால் பதில் பேசுகிற ஒரே கடை அதுதான். அவர் கடை வாசலில் ஆள் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது, தபால் பெட்டி மாதிரி வாய் வைத்து, மேலே கத்திப் படம் போட்டு. என்ன என்று கேட்டேன்.

"அது கத்தி போடுற பெட்டி, அம்மா. பொடியள் கத்தியோட திரியினம், பெட்டையளும்தான். பொலிசிட்டப் போகப் பயமெண்டா இதுக்குள்ள போட்டிட்டுப் போகலாம். ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்."

"போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"ஏனம்மா, உங்கட மருமோளின்ர கத்தியைப் போடப் போறீங்களோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டை என்றால் அவர்கள் ஊரில் பெண்பிள்ளை. பெட்டைகளுமா என்று மட்டும் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அடுத்தவர் அறைக்குள் போகிறவள் இல்லை நான். கம்பளியை வெயிலில் போட எடுத்தேன். அப்போது கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டப்பா தட்டுப்பட்டது. அதற்குள் எண்ணெய்த் துணி. துணிக்குள் ஐந்து கத்திகள்.

ஐந்தும் ஐந்து ஜாதி. ஒன்று அன்றைக்குப் பார்த்தது. ஒன்றுக்குப் பிடியில் மூன்றில் ஒரு பங்கு இரும்புத் தொப்பி. ஒன்று ஒரு முனையில் அகலம், மறு முனையில் ஒடுக்கம். ஒன்றின் பிடி முதுகு வளைந்த கிழவன் மாதிரி. கடைசியின் அலகு கொக்கி போல உள்ளே வளைந்திருக்கிறது, நம்மூர் அரிவாள் பெற்றுப் போட்ட குட்டி. ஒரே ஆளுக்கு எதற்கு ஐந்து? வேறு யாருக்காவது ஒளித்து வைக்கிறாளா? யாரையாவது பார்த்துப் பயப்படுகிறாளா? கீழே அவள் போனில் ஒரு ஆண்குரல் "மேடி, மேடி" என்று கூப்பிட்டதை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். காந்திமதி என்று என் மாமியார் பெயரைப் பார்த்துப் பார்த்து வைத்தால், மேடியாம்.

நாளைக்கு யாராவது கேட்டால் வாய்ப்பேச்சு நிற்காது. பிள்ளைகளுக்கு டவுனில் செருப்பு வாங்கப் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு இழுத்துக் கொடுத்து விடுவோமே, அதே மாதிரி ஐந்தையும் விரித்து வைத்து இந்த டைரியில் சுற்றிக் கோடு இழுத்திருக்கிறேன். மூன்று பக்கம் ஆகிவிட்டது. பேனாவைச் சாய்க்காமல்தான் இழுத்தேன்.

நயினாரிடம் சொல்லலாமா? பெற்ற மகளைச் சந்தேகப்பட்டான் என்று ஆகிவிடும். நான் படுகிறேன். எனக்கு வயதாகிவிட்டது, தாங்கும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

சுண்டல், பொரி, வெல்லம். வாழையிலை யோகராசா கடையில். நயினார் கார் சாவியையும் கம்ப்யூட்டரையும் வைத்தான். பகவதி இதயத் துடிப்பு கேட்கிற குழாயை வைத்தாள். என் பங்குக்கு இந்தப் பேனாவை வைத்தேன்.

காந்திமதி கடைசியாக இறங்கி வந்தாள். எண்ணெய்த் துணிப் பொட்டலத்தைச் சரஸ்வதி படத்துக்கு நேராக வைத்தாள்.

"லேப்டாப் எங்கம்மா?" என்றான் நயினார்.

"ஆபீஸ்ல இருக்குப்பா."

"இது என்ன?"

"டூல்ஸ்."

பொட்டலத்தின் மேல் குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். ஆயுத பூசைக்கு ஆயுதம் வைப்பதில் தப்பில்லைதான். ஆனால் என்ன வரம் கேட்டாள்? நான் வேண்டிக்கொண்டது அவளுக்குக் கேட்டிருக்காது: தாயே, இந்தப் பிள்ளை கையால் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது.

அக்டோபர் 3, வெள்ளி

பதினொரு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். இரண்டு போலீஸ், ஒருத்தி பெண். என்னவோ சொன்னார்கள். "நோ இங்கிலீஷ்" என்றேன். சிரித்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வீட்டுக்குப் போனது எங்கள் வீட்டுக்கு வந்ததை மறைக்கத்தானோ?

கோட்டைப் போட்டுக்கொண்டு யோகராசாவிடம் ஓடினேன். வாசித்துச் சொன்னார்.

"கத்தி ஒப்படைக்கிற கிழமையாம், ஒரு வாரத்துக்கு. கையில கத்தியோட பிடிபட்டா மறியல்தான், அதான் ஜெயில். திங்கக்கிழமை காலமை வந்து இந்தப் பெட்டியைத் திறந்து கொண்டு போவினம். அவ்வளவுதான் அம்மா, ஏன் வேர்க்குது?"

அக்டோபர் 4, சனி

கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கினேன். போகும்போது கோட்டுப் பை கனமாக இருந்தது. வரும்போது நடை லேசு. வேறு எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காந்திமதி எதையோ தேடுகிறாள். கட்டிலைப் புரட்டினாள், காரைக் குடைந்தாள், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாள். "என்னத்தட்டி தேடுதே?" என்று பகவதி இரண்டு முறை கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று இரண்டு முறை பதில். நான் கேட்கவில்லை. நான் இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் குளியலறையில் தண்ணீரை வேகமாகத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகையை ஒளிக்க இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நானும் புகுந்த வீட்டில் அப்படித்தான்.

அழட்டும். ஜெயிலில் அழுவதைவிட வீட்டில் அழுவது மேல்.

அக்டோபர் 6, திங்கள்

நயினாரும் பகவதியும் வேலைக்குப் போனார்கள். காந்திமதி போகவில்லை. பத்து மணிக்கு என் அறைக்கு வந்து கட்டில் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஆச்சி, உங்கட்ட ஒண்ணு சொல்லுதேன். அப்பாட்டச் சொல்லக் கூடாது."

வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்தக் கம்பெனிய விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. கத்தி செய்யுத பட்டறையில வேலை படிக்கேன். மடக்குக் கத்தி. ஹெரால்டுன்னு ஒரு பெரியவரு நடத்துதாரு. எந்திரம் கம்மி, எல்லாம் கைதான். இந்த ஊருல நூறு நூத்தம்பது வருசத்துக்கு முந்தி என்ன உருவத்துல செஞ்சாங்களோ அதே உருவத்துல இன்னிக்கும் செஞ்சு விக்காங்க. தோட்டக்காரன், ஆடு மேய்க்கவன், ஆபீசருன்னு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு உருவம். அஞ்சு உருவத்த முதல்லருந்து கடைசி வரைக்கும் நானே செஞ்சு நாளைக்கு அவர்ட்ட காட்டணும். தேறுனா சேத்துக்கிடுவாரு. எனக்குன்னு ஒரு மேசை. அலகுல என் முத்திரை அடிக்கலாம்." மூச்சு வாங்கினாள். "ராவும் பகலுமாச் செஞ்சு முடிச்சு வச்சிருந்தேன். காணல ஆச்சி. அஞ்சும் காணல."

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் அடித்தால்கூட நான் பொய் சொன்னதில்லை.

"பெட்டியில போட்டுட்டேன்" என்றேன்.

"எந்தப் பெட்டியில?"

"கத்திப் படம் போட்ட பெட்டியில."

என்னைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, கோட்டுகூட இல்லாமல் ஓடினாள். நான் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். யோகராசா கடை வாசலில் பெட்டி நின்றது. வாயைத் தட்டினால் உள்ளே வெறும் டின் சத்தம்.

"காலமை எட்டு மணிக்கே கொண்டு போயிட்டினம் பிள்ளை. அதுகளை உருக்கிப் போடுவினம். என்ன, தெரியாம ஏதும் விழுந்திட்டுதோ?"

போலீசுக்குப் போன் போட்டாள். போட்டது போட்டதுதானாம். நேற்று அவள் அழும்போது நான் வாயைத் திறந்திருந்தால் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும். அதை அவள் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

நடந்து வரும்போது தெருவிலேயே கத்தினாள்.

"என்ட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"நீ ஒரு வார்த்த சொன்னியாட்டி? வாரம் அஞ்சு நாளும் வெறும் பைய மாட்டிட்டு ஆபீசுக்குன்னு போனேல்லா?"

"அந்தக் கத்தியெல்லாம் பையில வச்சுக்கிடலாம்னு சட்டமே இருக்கு ஆச்சி. அலகு மூணு இஞ்சுக்குள்ள, விரிச்சா பூட்டிக்கிடாதது."

"உங்க சட்டம் எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆளு செத்துருவாம்னு பயந்துல்லா கெடந்தேன்."

அவள் நின்றுவிட்டாள். குரல் இறங்கிப்போயிற்று.

"வீட்டுல பொய் சொன்னேன், சரி. சாமிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னுதான் லேப்டாப்ப வைக்காம அதக் கொண்டாந்து வச்சேன். நீங்களாவது பிரிச்சுக் கேப்பீங்கன்னு நெனச்சேன் ஆச்சி."

பிரித்துப் பார்த்தவள்தான் நான். பிரித்து, கோடு இழுத்து, எல்லாம் செய்தேன். கேட்க மட்டும் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அரக்குப் பட்டுச்சேலை கட்டி, மேலே நயினார் ஸ்வெட்டரைப் போட்டு, இந்த டைரியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கூட்டிப் போனாள்.

செங்கல் கட்டிடம், நடுவில் முற்றம், மாடியில் பட்டறை. அதே சாணை வாடை. ஹெரால்டு ஒல்லி ஆள், தோல் ஏப்ரன், இடது கட்டைவிரலில் நகம் இல்லை. மேடி என்று கூப்பிட்டது இவர்தான். காந்திமதி நின்றபடி நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் கல் மாதிரி இருந்தது. அவர் சொன்னதை அவளே எனக்கு மெதுவாகச் சொன்னாள்: முன்னால் இரண்டு பேர் இதே நாளில் வந்து தொலைந்துவிட்டது என்றார்களாம். ஒருத்தன் ரயிலில். ஒருத்தன் நாய் தின்றதாக. "இப்ப ஆச்சி பெட்டியில போட்டுட்டாங்க" என்று என்னைப் பார்த்தார். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நானும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் சுவரைக் கவனித்தேன். ஆணி ஆணியாக இரும்புத் தகடுகள் தொங்கின. எல்லாம் கத்தியின் உருவம், தகட்டில் வெட்டியது.

"அது என்னட்டி?"

"அதான் பாட்டர்ன் ஆச்சி. அச்சு. அத வச்சுத்தான் எல்லாரும் செய்யணும்."

முதுகு வளைந்த கிழவன் மூன்றாவது ஆணியில் தொங்கினான். அரிவாள் குட்டி கடைசி ஆணியில்.

டைரியைப் பிரித்து மேசையில் வைத்தேன். ஹெரால்டு குனிந்தார். கண்ணாடியை மாட்டினார். முதல் தகட்டை எடுத்து நான் இழுத்த கோட்டுக்குள் வைத்தார். சுற்றிலும் மைக்கோடு ஒரே அளவாகத் தெரிந்தது, சேலைக்குக் கரை கட்டின மாதிரி. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும். நான்காவது அந்தக் கிழவன். தகட்டை வைத்தால் வயிற்றுப் பக்கம் கோட்டைக் காணோம். தகடு மூடிக்கொண்டது.

அங்கே விரலை வைத்துக் காந்திமதியைப் பார்த்தார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அந்த எடத்துல ஒரு நூலளவு கூடுதலா அரைச்சுட்டேன் ஆச்சி. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

போச்சு, நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று டைரியை மூடப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். அந்தக் கல் முகம் முதல் தடவையாக அசைந்தது. காந்திமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "பொய் சொல்ல வந்தவ தகட்டச் சுத்திக் கோடு இழுத்திருப்பாளாம். தப்பையும் சேத்து வரைஞ்சுட்டு வரமாட்டாளாம்."

ஆனால் சும்மா விடவில்லை. தாளில் உருவம் தெரியும், ஸ்பிரிங்கின் சத்தம் கேட்காது என்றார். சனிக்கிழமைக்குள் அந்த நான்காவதை அவர் கண்முன்னால் செய்ய வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

காந்திமதியின் சுட்டுவிரலில் கட்டு. மஞ்சள் வைத்தேன். பகவதி, "ஆபீஸ்ல பேப்பர் வெட்டிச்சா?" என்று கேட்டாள். காந்திமதி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கும் போனேன். எனக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஹெரால்டு கத்தியைக் கண்ணால் பார்க்கவே இல்லை. காதருகே வைத்துத் திறந்தார், மடக்கினார். டக். டக். மூன்றாவது தரம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆயுத பூசையில் காந்திமதி கண்மூடி நின்றது ஞாபகம் வந்தது. பிறகு தகட்டில் வைத்துப் பார்த்தார். பேசாமல் போய், ஜன்னலோரம் இருந்த மேசையின் மேல் கிடந்த சாமான்களை அள்ளி வேறிடத்தில் வைத்தார்.

"என்னட்டி செய்யுதாரு?"

"எனக்கு எடம் ஒதுக்குதாரு ஆச்சி" என்றாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

கிளம்பும்போது ஒரு அரிவாள் குட்டியை மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நம்மைப் போலவே இவரும் கத்தியைக் கையில் கொடுக்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் உடனே கையை நீட்டினார். காசு கேட்கிறாரே, இதென்ன மனுஷன்?

"சும்மா குடுத்தா உறவ அறுத்துரும்னு இவங்க வழக்கம் ஆச்சி. எதாவது ஒரு துட்டு குடுங்க."

சுருக்குப் பையில் ஒரு ரூபாய் கிடந்தது. வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பகவதிதான் முதலில் வெடித்தாள். "கத்தியா? நான் வார்டுல தெனமும் கத்திக்குத்து பாக்கேன்டி! தையல் போட்டுப் போட்டு என் கை ஓஞ்சு கெடக்கு!"

"இது குத்துத கத்தி இல்லம்மா."

"எல்லாம் குத்தாத வரைக்கும் அப்படித்தான்!"

நயினார் என் பக்கம் திரும்பினான். "அம்மா, ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"எனக்கு மொதல்லயே தெரியும்" என்றேன். எந்த முதலில் என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. "அவ எதையும் ஒளிக்கல. பூசையில வச்சா. அந்தப் பொட்டலத்துக்குக் கற்பூரம் காட்டுனது நீதானப்பா."

அவன் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். விளக்கேற்றும்போது பார்த்தேன்: ஹெரால்டு எனக்குத் தந்த கத்தியைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"இதுல ஸ்பிரிங்கு எவ்வளவு கனம்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

காந்திமதி பதில் சொன்னாள். அதற்கு மேல் இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. பகவதி இன்னும் பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு. சங்கரன்கோவில்

காந்திமதிக்கு ஆச்சி எழுதிக்கொள்வது. கோடு இழுத்த மூன்று பக்கத்தையும் டைரியிலிருந்து கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மேசைக்கு மேலே மாட்டிக்கொள். நான்காவதை மறைக்காதே.

சென்னையில் சுங்கக்காரன் என் பெட்டியைத் திறந்து அரிவாள் குட்டியை எடுத்து, "எதுக்கு பாட்டி இது?" என்று ஒரு பார்வை பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பார்வையை நானும் பார்த்திருக்கிறேன். "வாழையிலை அறுக்க. என் பேத்தி வேலை பார்க்கிற பட்டறையில் செய்தது" என்றேன். இரண்டு தடவை மடக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

வள்ளிநாயகத்துக்கு மதுரையிலேயே பெரிய கிளை கொடுத்திருக்கிறார்கள். பல் டாக்டர் இரண்டாவது நாற்காலி வாங்கிவிட்டாள். சின்னவன் மாநிலப் போட்டிக்குப் போகிறான். நீ என்ன செய்கிறாய் என்று எதிர்வீட்டுச் செல்லத்தாய் கேட்டாள். சொன்னேன். "விமானம் என்ன ஆச்சு?" என்றாள். அது தன்பாட்டுக்குப் பறக்கிறது என்றேன். நம்பாமல் நடு அறைக்குள் வந்து உன் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கறுப்பு அங்கியில் நிற்கிற பிள்ளை கத்தி செய்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

ஆகவே ஒரு புதுப் போட்டோ எடு. ஜன்னலோர மேசைக்கு முன்னால், தோல் ஏப்ரன் கட்டி நில். நகத்தைக் கழுவிவிடாதே. கையில் நீ முத்திரை அடித்த கத்தி இருக்கட்டும். ஆனால் மடக்கியே வைத்துக்கொள், செல்லத்தாய் சந்தேகப் பிராணி. உன் அம்மா பக்கத்தில் நிற்கச் சம்மதித்தால் நிறுத்திக்கொள், இல்லையென்றால் வற்புறுத்தாதே. போனில் அனுப்பாதே, அது ஆணியில் தொங்காது. தாளில் போட்டு, தபாலில் அனுப்பு. ஆணி அடித்துவிட்டேன்.